டுபாய் லைசன்ஸ் அபுதாபிக்குச் செல்லாது: வெளிநாட்டு வைத்தியசாலை வேலைக்கு விண்ணப்பிக்கும் முன்

டுபாயிலுள்ள வைத்தியசாலைக்குத் தாதியர் உடனடித் தேவை, இரண்டு வருட அனுபவம் போதும், லைசன்ஸ் நாங்களே எடுத்துத் தருவோம். இந்த வகையான விளம்பரம் சாய்ந்தமருது, மருதமுனை, நிந்தவூர்ப் பக்கத்து வட்ஸ்அப் குழுக்களில் புதிய விடயம் அல்ல. பொருளாதார நெருக்கடி உச்சத்தில் இருந்த 2022 இல் மட்டும் மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்டோர் பணியகத்தில் பதிவு செய்துகொண்டு நாட்டை விட்டு வேலைக்குச் சென்றனர். முன்னர் வீட்டுப் பணிப்பெண், சாரதி, கூலித் தொழிலாளி என்று போன ஊர்களிலிருந்து இப்போது தாதியர்கள், மருந்தாளர்கள், ஆய்வுகூடத் தொழில்நுட்பவியலாளர்கள், கதிரியக்கப் படப்பிடிப்பாளர்கள் போகிறார்கள். போக முயன்று பாதி வழியில் பணத்தை இழந்தவர்களும் இருக்கிறார்கள்.

அவர்கள் சறுக்குவது பெரும்பாலும் அந்த விளம்பரத்தின் கடைசி வரியில்தான். 'லைசன்ஸ்' என்பதை விமான டிக்கெட் போல, காசு கொடுத்தால் இன்னொருவர் எடுத்துத் தரக்கூடிய ஒரு கடதாசி என்று பலர் நினைக்கிறார்கள். அது அப்படியானதல்ல. உங்கள் படிப்பு, உங்கள் பதிவு, உங்கள் அனுபவம் மூன்றையும் அந்த நாட்டு அதிகாரசபை தானாகவே விசாரித்து, உங்களைப் பரீட்சையில் உட்காரவைத்து, அதன் பிறகு வழங்கும் தொழில் அனுமதி அது. ஏஜென்சி உங்களுக்காகப் படிவம் நிரப்பலாம். அதற்கு மேல் எதுவும் செய்ய முடியாது.

லைசன்ஸ் ஆளுக்கு உரியது போலத் தெரிந்தாலும் உண்மையில் அது எல்லைக்கு உரியது. ஒரு வீதியைத் தாண்டினால் பிரதேச செயலகம் மாறும், சபை மாறும் என்ற நிலையில் வாழ்கிற நமக்கு இதை விளக்குவது இலகு. தனியான நகர சபை கேட்டு நீண்டகாலம் போராடி, 2020 பெப்ரவரியில் வர்த்தமானி வெளிவந்த கையோடு அது திரும்பப் பெறப்பட்டதைக் கண்ட ஊர் சாய்ந்தமருது. எல்லை என்றால் என்ன என்று நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஐக்கிய அரபு அமீரகத்தை எடுத்துக்கொள்வோம். ஒரே நாடு, ஒரே விசா. ஆனால் சுகாதாரத் துறையில் நீண்டகாலமாக மூன்று அனுமதி அமைப்புகள். டுபாயில் வேலை செய்ய டுபாய் சுகாதார அதிகாரசபை. அபுதாபிக்கும் அல் ஐனுக்கும் அபுதாபி சுகாதாரத் திணைக்களம். இதன் பழைய பெயரான 'ஹாட்' என்பதையே நம்மவர்கள் இன்னும் சொல்கிறார்கள். ஷார்ஜா, அஜ்மான், உம்முல் குவைன், ராஸ் அல் கைமா, புஜைரா ஆகியவற்றுக்கு மத்திய அரசின் சுகாதார, நோய்த்தடுப்பு அமைச்சு. டுபாயில் பெற்ற அனுமதியோடு அரை மணி நேரத் தூரத்திலுள்ள ஷார்ஜாவில் ஒரு ஊசி போட்டாலும் அது அனுமதியின்றித் தொழில் செய்த குற்றம். மூன்று அமைப்புகளும் தகைமை விதிகளைப் பொதுவாக்கியிருப்பதால் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாறும்போது பரீட்சையை மறுபடி எழுதாமல் மாற்றிக்கொள்ளும் வழி உண்டு. ஆனால் அதுவும் புதிய விண்ணப்பம், புதிய கட்டணம், புதிய காத்திருப்பு. சவூதியில் சுகாதாரத் தொழில்களுக்கான சவூதி ஆணைக்குழு, கட்டாரில் பொதுச் சுகாதார அமைச்சின் கீழுள்ள சுகாதாரத் தொழில்கள் திணைக்களம் என்று ஒவ்வொன்றுக்கும் தனி வாசல்.

ஆகவே வேலை விளம்பரத்தைப் பார்த்தவுடன் கேட்க வேண்டிய முதல் கேள்வி சம்பளம் எவ்வளவு என்பதல்ல. எந்த அதிகாரசபையின் லைசன்ஸ் என்பதுதான். இதற்குத் தெளிவாகப் பதில் சொல்லாத ஏஜென்டிடம் கடவுச்சீட்டைக் கொடுக்க வேண்டாம்.

முதல் வாசல் ஊரில்தான்

எந்த நாட்டு அதிகாரசபையும் முதலில் கேட்பது, நீங்கள் உங்கள் நாட்டில் பதிவு பெற்றவரா என்பதையே. இலங்கையில் தாதியருக்கு 1988 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த இலங்கைத் தாதியர் பேரவை. வைத்தியர்களுக்கு மட்டுமன்றி மருந்தாளர், மருத்துவ ஆய்வுகூடத் தொழில்நுட்பவியலாளர், கதிரியக்கப் படப்பிடிப்பாளர், இயன்மருத்துவர், குடும்பநல மருத்துவ மாது ஆகியோருக்கும் இலங்கை மருத்துவப் பேரவை.

மட்டக்களப்புத் தாதியர் கல்லூரியில் மூன்று வருடம் பயின்றவருக்கோ, கிழக்குப் பல்கலைக்கழகத்தின் சுகாதாரப் பராமரிப்பு விஞ்ஞான பீடத்தில் தாதியியல் பட்டம் பெற்றவருக்கோ இதில் பெரிய சிக்கல் இல்லை. சிக்கல் 'நர்சிங் டிப்ளோமா' என்ற பெயரில் ஆறு மாதம், ஒரு வருடம் என்று நடக்கும் தனியார் வகுப்புகளில் படித்த பிள்ளைகளுக்கு. மூன்றாம் நிலை, தொழிற்கல்வி ஆணைக்குழுவில் ஒரு நிறுவனம் பதிவு செய்திருப்பது வேறு. அதன் பாடநெறி தாதியர் பேரவையின் பதிவுக்குத் தகுதியாவது வேறு. தேசிய தொழில் தகைமைச் சான்றிதழோடு பராமரிப்பாளராகவோ, தாதி உதவியாளராகவோ போக வழி இருக்கிறது, அது கௌரவமான வேலையும்தான். ஆனால் அந்தச் சான்றிதழை வைத்து, பதிவு பெற்ற தாதியாக டுபாயில் லைசன்ஸ் எடுக்க முடியும் என்று யாராவது சொன்னால் அது பொய். நகையை அடகு வைத்துப் பாடநெறிக் கட்டணம் கட்டுவதற்கு முன், இந்தப் படிப்பை முடித்தால் என்னைப் பதிவு செய்வீர்களா என்று பேரவையிடமே கேட்டுவிட வேண்டும். அந்த ஒரு கேள்வியைக் கேட்காததால் இரண்டு வருடத்தை இழந்த பெண்களுக்கு யாரும் நட்டஈடு தருவதில்லை.

கடதாசிகளை எரித்த நெருப்பு, கொண்டுபோன கடல்

இரண்டாவது வாசல்தான் நம் மக்களுக்கு மிகக் கடினமானது. இதற்கு மூல ஆதாரச் சரிபார்ப்பு என்று பெயர். வளைகுடா நாடுகளின் அதிகாரசபைகள் பலவும் இந்த வேலையை டேட்டாஃப்ளோ என்ற நிறுவனத்திடம் ஒப்படைத்திருக்கின்றன. நீங்கள் சான்றிதழ்களை ஸ்கேன் செய்து இணையத்தில் ஏற்றி, ஒவ்வோர் ஆவணத்துக்கும் கட்டணம் செலுத்துகிறீர்கள். அவர்கள் உங்கள் கையிலுள்ள கடதாசியை நம்புவதில்லை. அதை வழங்கிய கல்லூரிக்கும், பேரவைக்கும், வேலை செய்த வைத்தியசாலைக்கும் நேரடியாக எழுதிக் கேட்கிறார்கள். அதாவது வெளிநாட்டலுவல்கள் அமைச்சின் கொன்சியூலர் பிரிவில் முத்திரை வாங்கிய சான்றிதழாக இருந்தாலும், வழங்கிய இடம் 'ஆம், இது எங்களுடையது' என்று பதில் அனுப்பாவிட்டால் பயனில்லை.

பதிலைப் பொறுத்து அறிக்கை மூன்றில் ஒன்றாக வரும்: உறுதி செய்யப்பட்டது, பொய்யானது, அல்லது சரிபார்க்க இயலவில்லை. போலிச் சான்றிதழோடு ஒருவர் தீவிர சிகிச்சைப் பிரிவில் நிற்பதை நாம் யாரும் விரும்பமாட்டோம். அந்த வகையில் முறை நியாயமானதே. ஆனால் அது ஒன்றை எடுத்துக்கொண்டு நடக்கிறது: சான்றிதழ் கொடுத்த நிறுவனம் இன்றும் அதே இடத்தில், அதே பெயரில், பதிவேட்டோடு இருக்கிறது என்று. போர் நடந்த மண்ணில் இப்படி எடுத்துக்கொள்ள முடியாது.

1990 இல் கல்முனைப் பிரதேசத்தில் வன்முறை வெடித்தபோது வீடுகளும் கடைகளும் எரிந்தன. தமிழரும் முஸ்லிம்களும் உடுத்த உடையோடு ஓடினார்கள். 2004 டிசம்பர் 26 அன்று அம்பாறை மாவட்டத்தில் மட்டும் 10,000க்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோன கடல், மருதமுனையிலிருந்து சாய்ந்தமருது வரையான கரையோர வீடுகளின் அலுமாரிகளையும் சேர்த்தே கொண்டுபோனது. 2009 இல் முள்ளிவாய்க்காலிலிருந்து வெளியே வந்தவர்களின் கைகளில் பிள்ளைகள்தான் இருந்தன, கோப்புகள் இல்லை.

இழந்தது உங்கள் பிரதி மட்டும் என்றால் கவலைப்பட ஒன்றுமில்லை. க.பொ.த. பெறுபேற்றுச் சான்றிதழைப் பரீட்சைகள் திணைக்களத்திடம் இணையவழியாகவே விண்ணப்பித்துப் பெறலாம். பிறப்புச் சான்றிதழின் பிரதியைப் பிரதேச செயலகத்தில் எடுக்கலாம். பிறப்பே பதியப்படவில்லை என்றால் காலங்கடந்த பதிவு, அதுவும் இயலாவிட்டால் உத்தேச வயதுச் சான்றிதழ் என்று வழிகள் உண்டு. ஆனால் இவை மாதக்கணக்கில் இழுபடக்கூடியவை. ஆகவே வேலை கிடைத்த பிறகு தொடங்கும் வேலையல்ல இது.

கொடுத்த நிறுவனமே இல்லாமற்போனால் நிலைமை வேறு. சுனாமிக்குப் பிறகு இந்தக் கரையில் முகாம்களிலும் நடமாடும் சிகிச்சை நிலையங்களிலும் சர்வதேசத் தொண்டு நிறுவனங்களுக்காக இரவு பகலாக வேலை செய்தவர்கள் பலர். அந்த நிறுவனங்கள் மூட்டை கட்டிச் சென்றுவிட்டன. வன்னியிலிருந்து 2008 செப்டம்பரில் அரசாங்கமே அவற்றை வெளியேற்றியது. ஐந்து வருட அனுபவக் கடிதம் கையில் இருக்கும். அதிலுள்ள தொலைபேசி எண்ணை எடுக்க ஆள் இருக்காது. அறிக்கையில் விழுவது 'சரிபார்க்க இயலவில்லை'. பொய் என்று அவர்கள் சொல்லவில்லை. ஆனாலும் அந்த ஐந்து வருடம் கணக்கில் சேராது. போர்க்காலத்தில் அரச அங்கீகாரமில்லாத மருத்துவப் பிரிவுகளில் பயிற்சி பெற்று, ஷெல் விழுந்துகொண்டிருந்தபோது காயக்காரரின் உயிரைக் காத்தவர்களின் அறிவுக்கு இந்த முறையில் ஒரு பெட்டிகூட ஒதுக்கப்படவில்லை. அவர்கள் மறுபடி முதலிலிருந்து படிக்க வேண்டும் என்பதே இன்றைய விதி. இது எனக்கு நியாயமாகப் படவில்லை. ஆனால் இதை மறைத்து அவர்களிடம் பணம் வாங்குபவர்களைவிட விதி நேர்மையானது.

செய்யக்கூடியது என்ன? தொண்டு நிறுவனத்தின் உள்ளூர்க் கிளை மூடப்பட்டிருந்தாலும் ஜெனீவாவிலோ லண்டனிலோ உள்ள தலைமை அலுவலகத்தின் மனிதவளப் பிரிவுக்கு மின்னஞ்சல் அனுப்பி, பதிவேடு இருக்கிறதா, சரிபார்ப்புக் கடிதத்துக்கு யார் பதில் தருவார் என்று முன்கூட்டியே கேளுங்கள். பெயர் மாறிய நிறுவனம் என்றால் மாறியதற்கான உத்தியோகபூர்வக் கடிதத்தைச் சேர்த்து ஏற்றுங்கள். கல்முனை அஷ்ரஃப் ஞாபகார்த்த வைத்தியசாலையே, 2000 செப்டம்பர் 16 இல் ஹெலிகொப்டர் விபத்தில் மரணித்த அமைச்சர் எம்.எச்.எம். அஷ்ரஃபின் நினைவாகப் பெயரிடப்பட்டது. பழைய சேவைக் கடிதத்தில் வேறு பெயர் இருந்தால், அது அதே கட்டடம் என்பது டுபாயில் இருக்கும் அலுவலருக்குத் தெரியாது.

இன்னொன்று. சரிபார்ப்பு மின்னஞ்சல் அரச வைத்தியசாலைக்கு வந்தால் அது எந்த மேசைக்குப் போகும்? நீங்களே போய்ப் பார்த்துக்கொள்ள வேண்டும். சேவைக் கடிதத்தைக் கடிதத் தலைப்பில், ஒப்பமிட்டவரின் பெயர், பதவி, அலுவலகத் தொலைபேசி, உத்தியோகபூர்வ மின்னஞ்சல் ஆகியவற்றோடு வாங்குங்கள். விண்ணப்பித்த பின், இப்படியொரு கடிதம் வரும் என்று நிர்வாகக் கிளையில் சொல்லி வையுங்கள். எங்கள் பக்கத்தில் ஒரு பதில் தாமதமாவதற்குக் கெட்ட எண்ணம் தேவையில்லை. அந்த மின்னஞ்சலைத் திறக்க வேண்டியவர் லீவில் இருந்தாலே போதும்.

முகம்மதுக்கு எத்தனை எழுத்து?

ஆவணம் எல்லாம் இருந்தும் விண்ணப்பம் நின்றுவிடுவதற்கு நம் ஊர்களில் ஒரு தனிக் காரணம் உண்டு. பெயர். இந்தக் கரையில் யூ.எல். என்றால் உதுமாலெவ்வை, ஏ.எல். என்றால் ஆதம்லெவ்வை என்று பாடசாலை இடாப்பைப் பார்க்கிற எவருக்கும் தெரியும். பரீட்சைச் சான்றிதழில் முதலெழுத்துகளோடு பெயர் இருக்கும். கடவுச்சீட்டில் பிறப்புச் சான்றிதழின்படி முழுப் பெயர் விரியும். டேட்டாஃப்ளோ அலுவலருக்கு இவை இரண்டு ஆட்கள்.

முகம்மது என்ற பெயரை ஆங்கிலத்தில் எழுதும்போது முதலில் 'ஓ'வா 'யூ'வா, நடுவில் ஓர் 'எம்'மா இரண்டா, கடைசியில் 'ஈடி'யா 'ஏடி'யா என்பது எழுதிய கிளாக்கரின் விருப்பம். பாத்திமாவுக்கு 'டி' மட்டுமா, 'எச்' சேருமா? தமிழ்ப் பெயர்களுக்கும் இதே கதைதான். தேவிக்கு ஒரு சான்றிதழில் 'எச்' இருக்கும், மற்றதில் இருக்காது. திருமணத்தின் பின் கணவரின் பெயரைச் சேர்த்துக்கொண்ட பெண்களுக்கு இன்னொரு முடிச்சு.

கடவுச்சீட்டிலுள்ள எழுத்தையே அடிப்படையாக வைத்துக்கொள்ளுங்கள். தாதியர் பேரவைப் பதிவிலும் அதே எழுத்து இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் விண்ணப்பிக்கும் முன்பே திருத்தக் கோருங்கள். திருத்த முடியாத பழைய சான்றிதழ்களுக்கு, இரு பெயரும் ஒருவரையே குறிக்கும் என்று சமாதான நீதவான் அல்லது சத்தியப் பிரமாண ஆணையாளர் முன் ஆங்கிலத்தில் ஒரு சத்தியக் கடதாசி முடித்து, பிறப்புச் சான்றிதழின் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பையும் சேர்த்து ஏற்றுங்கள். பரீட்சைக்குப் பதியும்போதும் இதுவே விதி. கடவுச்சீட்டில் உள்ளதற்கும் பதிவுக்கும் பெயர் பொருந்தாவிட்டால் பரீட்சை மண்டபத்தில் உள்ளே விடமாட்டார்கள். கல்முனையிலிருந்து இரவு பஸ்ஸில் கொழும்புக்குப் போய் வாசலில் திரும்பி வருவது பெரிய வேதனை.

பரீட்சையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கணினியில், ஆங்கிலத்தில், பல்தேர்வு வினாக்கள். டுபாய், சவூதி, கட்டார் ஆகியவற்றுக்குப் புரோமெட்ரிக் நிலையங்களிலும், அபுதாபிக்குப் பியர்சன் வியூ நிலையங்களிலும் எழுதுவது வழக்கம். வேலையில் இருந்துகொண்டே படிப்பவருக்கு இது முடியாத காரியமல்ல. வேலையை விட்டுப் பிள்ளைகளை வளர்த்துவிட்டு விண்ணப்பிக்கும் தாய்மார் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: அண்மைய ஆண்டுகளில் தொழிலில் இருந்தீர்களா என்பதையும் அதிகாரசபைகள் பார்க்கின்றன. நீண்ட இடைவெளி இருந்தால், மறுபடி உள்ளூரில் சிறிது காலம் வேலை செய்த பின் விண்ணப்பிப்பதே புத்தி.

நன்னிலைச் சான்றிதழை, அதாவது உங்கள் மீது தொழில்சார் ஒழுக்க நடவடிக்கை எதுவும் இல்லை என்று பேரவை வழங்கும் கடிதத்தை, பலர் ஆர்வத்தில் முதலிலேயே எடுத்துவிடுகிறார்கள். அதன் ஆயுள் குறுகியது. பெரும்பாலும் ஆறு மாதத்துக்கு உட்பட்டதாகக் கேட்பார்கள். மற்ற ஆவணங்கள் தயாரான பிறகு எடுத்தால் இரண்டு முறை கட்டணம் செலுத்த வேண்டி வராது.

தகுதிக் கடிதம் வேலையல்ல

பரீட்சையில் தேறியதும் டுபாய் அதிகாரசபை தருவது தகுதிக் கடிதம். இதைக் காட்டி 'லைசன்ஸ் வந்துவிட்டது' என்று மீதிப் பணத்தைக் கறக்கும் ஏஜென்டுகள் உண்டு. தகுதிக் கடிதத்தோடு நோயாளியைத் தொட முடியாது. ஒரு வைத்தியசாலை உங்களை வேலைக்கு எடுத்து, தன் பெயரின் கீழ் உங்கள் அனுமதியைச் செயற்படுத்திய பின்னரே வேலை. அந்த வைத்தியசாலையை விட்டால் அனுமதியையும் புதிய இடத்துக்கு மாற்ற வேண்டும்.

சவூதியில் இன்னொரு நுணுக்கம். அங்குள்ள ஆணைக்குழு உங்கள் படிப்பை வைத்துத் தரம் பிரிக்கிறது. பட்டம் பெற்ற தாதி 'ஸ்பெஷலிஸ்ட்', டிப்ளோமாவோடு போகிறவர் 'டெக்னீஷியன்'. விளம்பரத்தில் இருவருக்கும் ஒரே பெயர், சம்பள ஒப்பந்தத்தில் வேறு. கையொப்பமிடுவதற்கு முன் எந்தத் தரத்தில் உங்களைப் பதிவு செய்கிறார்கள் என்று எழுத்தில் கேளுங்கள்.

லைசன்ஸ் பரீட்சையை அங்கே வந்து எழுதலாம், விசிட் விசாவில் வாருங்கள் என்பது இப்போது அதிகம் கேட்கும் யோசனை. அறை வாடகை, விசா நீட்டிப்பு, சாப்பாடு என்று கடன் ஏறும்; டேட்டாஃப்ளோ அறிக்கை வராவிட்டால் வேலையும் இல்லை, திரும்பப் பணமும் இல்லை. மேலே சொன்ன பரீட்சைகளைக் கொழும்பிலேயே எழுத முடியும்போது எதற்கு இந்த ஆபத்து? ஏஜென்சிக்கு வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் செல்லுபடியாகும் அனுமதிப்பத்திரம் இருக்கிறதா, இந்த வேலைக்கான கோரிக்கையைப் பணியகம் அங்கீகரித்திருக்கிறதா என்று 1989 என்ற இலக்கத்துக்கு அழைத்துக் கேட்கலாம். தமிழில் பேசலாம். வீட்டுக்கு வருகிற சப்-ஏஜென்ட் சொந்தக்காரராக இருந்தாலும் கேளுங்கள்.

அரச சேவையில் இருப்பவர்களுக்கு ஒரு சொல். 2022 ஜூனில் வெளியான 14/2022 ஆம் இலக்கப் பொது நிர்வாகச் சுற்றறிக்கை, சிரேஷ்டத்துவத்துக்கும் ஓய்வூதியத்துக்கும் பாதிப்பில்லாமல் ஐந்து வருடம் வரை சம்பளமற்ற லீவில் செல்ல வழி செய்தது. ஆனால் தாதியரை விடுவிப்பது சேவைத் தேவையையும் சுகாதார அமைச்சின் தீர்மானத்தையும் பொறுத்தது. ஆகவே விண்ணப்பிக்கும் நாளில் நடைமுறையிலுள்ள விதியைக் கல்முனைப் பிராந்திய சுகாதார சேவைகள் பணிப்பாளர் அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். லீவு கிடைக்கவில்லை என்று சொல்லாமல் கொள்ளாமல் போனால் பதவி வெறிதாக்கப்படும். அதன் பிறகு மூன்று வருடம் கழித்து வேறு நாட்டுக்கு விண்ணப்பிக்கும்போது, சேவைக் கடிதத்துக்கும் சரிபார்ப்புக்கும் அதே வைத்தியசாலையின் தயவுதான் வேண்டும்.

வளைகுடாவைத் தாண்டிப் போக நினைப்பவர்களுக்கும் எல்லைக் கதை தொடர்கிறது. கனடாவில் லைசன்ஸ் மாகாணத்துக்கு மாகாணம். டொரன்டோவில் இருக்கும் மச்சாள் ஒன்டாரியோ தாதியர் கல்லூரியில் பதிந்தவர் என்பதால் உங்களுக்கு வன்கூவரில் வேலை கிடைக்காது. அமெரிக்காவில் மாநிலத்துக்கு மாநிலம். பல மாநிலங்கள் ஒப்பந்தம் செய்து ஒன்றின் அனுமதியை மற்றது ஏற்கின்றன, கலிபோர்னியா அதில் இல்லை. அவுஸ்திரேலியாவும் அப்படித்தான் இருந்தது. 2010 ஜூலையில் மாநிலப் பதிவேடுகளை ஒன்றாக்கி நாடு முழுவதற்கும் ஒரே பதிவு கொண்டுவந்தார்கள். ஐக்கிய இராச்சியத்தில் இங்கிலாந்து, ஸ்கொட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்து நான்குக்கும் ஒரே தாதியர், மருத்துவ மாதர் பேரவை. அங்கே ஆங்கில மொழிப் பரீட்சை பெரிய மலை, ஐ.ஈ.எல்.டி.எஸ். என்றால் மொத்தத்தில் 7 வேண்டும், எழுத்துப் பகுதிக்கு மட்டும் 6.5.

வளைகுடாவில் இரண்டு, மூன்று வருடம் வேலை செய்துவிட்டு இந்த நாடுகளுக்கு மாறுவதே பலருடைய திட்டம். அப்படியானால் அங்கிருந்து கிளம்பும் முன், விசா இரத்தாவதற்கு முன்பே, வைத்தியசாலையின் அனுபவக் கடிதத்தையும் அந்த அதிகாரசபையின் நன்னிலைச் சான்றிதழையும் எடுத்துவிட வேண்டும். இலங்கைப் பேரவைப் பதிவையும் உயிரோடு வைத்திருங்கள். எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து உங்கள் மின்னஞ்சலிலும், ஊரில் நம்பிக்கையான ஒருவரிடமும் ஒவ்வொரு பிரதி. அலுமாரியில் மட்டும் வேண்டாம்.